நாடி விழுந்த ஞாயிறு

எனக்கு வாய் அதிகம். சின்ன வயதிலிருந்தே எல்லோரும் சொல்லி வந்தது இது. நானும் மறுத்ததில்லை, மறுப்பதற்கும் அதே வாய்தானே வேண்டும். நல்ல மனநிலையில் இருந்தால் அப்பா, “வாயுள்ள புள்ள பொழைச்சுக்கும்” என்பார். கோபம் வந்தால், “தாவாக்கட்டையிலயே ரெண்டு வச்சாத்தான் அடங்குவ” என்பார். வைத்ததில்லை. பிழைத்துக்கொண்டது மட்டும் உண்மை. கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். காலையிலிருந்து மத்தியானம் தாண்டும்வரை வாயை அசைத்துத்தான் சம்பளம்.

அந்த வாயால்தான் ஒருநாள் அப்பாவிடம், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைக் கலியாணம் செய்யப் போகிறேன் என்று சொன்னேன். அவர் வங்கியில் வேலை செய்பவர், சைவம். அப்பா தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்று, கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு, ஞாயிறு பூசை தவறாமல் வாழ்கிற கத்தோலிக்கர். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். நான் ஒரே பிள்ளை. வேதம் வேறு என்பதுகூட அப்பாவுக்குப் பெரிதாகப் படவில்லை. வாலிப வயதில் வேலை கேட்டுப்போன இடத்தில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் அவரை முற்றத்தில் நிற்க வைத்தே பேசி அனுப்பியிருக்கிறார். அந்த முற்றத்திலேயே அப்பா இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

“அவங்க வீட்ல ஒன்னைய கடைசிவரைக்கும் தோட்டக்காட்டுப் புள்ளன்னுதான் சொல்லுவாங்க. அதக் கேக்குறதுக்கா ஒன்னைய படிக்க வச்சேன்?” என்றார்.

நான் திருப்பிச் சொன்னேன். அவர் ஒன்று சொல்ல, நான் இரண்டு சொன்னேன். பதிவுக் கலியாணத்துக்கு அவர் வரவில்லை. அதற்குப் பிறகு யாராவது பிள்ளைகளைப் பற்றி விசாரித்தால், “எனக்குப் புள்ளைங்க இல்ல” என்று சொல்கிறார் என்று கேள்விப்பட்டேன். கோயில் வாசலில் வைத்துச் சொன்னாராம். பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்த ஃபாதரிடம்கூட அப்படித்தான் சொன்னாராம். இதை என்னிடம் கொண்டுவந்து சேர்க்கச் சொந்தக்காரர்களுக்குப் பஞ்சமா?

ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் நான் அவருக்குப் போன் எடுப்பேன். எடுப்பார். பேசமாட்டார். நான் பாட்டுக்கு மழையைப் பற்றி, பாடசாலையைப் பற்றி, மரக்கறி விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போவேன். நடுவில் எப்போதாவது ஒரு “ம்” வரும். பிறகு வைத்துவிடுவார். “நீர் அப்பாவோட கதைக்கிறீரோ, செபம் சொல்லுறீரோ?” என்று என் கணவர் கேலி செய்வார். இரண்டும் ஒன்றுதான். எனக்கு அவருடைய காசோ வீடோ வேண்டியதில்லை. யாரிடமாவது, ஒரேயொரு தடவை, அவர் வாயால் என்னைத் தன் மகள் என்று சொல்ல வேண்டும். அது மட்டும்தான் வேண்டியிருந்தது, அதற்காகத்தான் அந்தப் பதில் வராத போன்.

இனி அந்த ஞாயிறு. நாங்கள் இருப்பது அம்பிட்டியவில், ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு. கோயில் நடக்கிற தூரம்தான், ஆனாலும் கணவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, எதிர்க் கடையில் பத்திரிகையும் தேநீருமாக இருப்பார். அன்று பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. எனக்குக் கொட்டாவி வந்தது. கொட்டாவி விட்டால் வாய்க்கு நேரே சிலுவை அடையாளம் போட வேண்டும் என்பது எங்கள் பழக்கம், இல்லாவிட்டால் பிசாசு உள்ளே போய்விடுமாம். பெருவிரலால் சிலுவை போட்டேன். போட்டு முடிப்பதற்குள் இரண்டு காதுக்கும் முன்னால் ‘டக்’ என்றது. வாயை மூடப் பார்த்தேன். மூட முடியவில்லை.

மண்டையோட்டில் அசைகிற எலும்பு ஒன்றே ஒன்றுதான், அது கீழ்த்தாடை என்று வருடாவருடம் படிப்பித்திருக்கிறேன். குதிரை லாடம் போல வளைந்த எலும்பு, இரண்டு பக்கமும் மேலே ஏறி, நுனிக்கொரு குமிழ், காதுக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து பாருங்கள் என்பேன், வகுப்பே விரலை வைத்துக்கொண்டு வாயைப் பிளக்கும். கதவுப் பிணைச்சல் மாதிரி என்று சொல்லி முடித்துவிடுவேன். அது பாதிப் பொய். கதவுப் பிணைச்சல் இருந்த இடத்திலேயே இருந்து திரும்பும். தாடையின் குமிழோ, வாய் அகலத் திறக்கும்போது பள்ளத்தை விட்டு முன்னால் நழுவி வரும். முன்னால் ஒரு சின்ன எலும்பு மேடு இருக்கிறது. அந்த மேட்டோடு நின்றால் திரும்பிப் போகலாம். தாண்டிவிட்டால், கடுகண்ணாவை ஏற்றத்தைத் தாண்டிய லொறிதான், பின்னால் எடுக்க முடியாது. எடுக்க முடியாமல் செய்வது வேறு யாருமில்லை, நம்முடைய தசைகள். கன்னத்துத் தசையும் நெற்றிப்பொட்டுத் தசையும் வாயை மூடத்தான் பார்க்கின்றன. மூடுகிறோம் என்று நினைத்து மேலே இழுக்க இழுக்க, குமிழ் மேட்டுக்கு அந்தப் பக்கமாகவே இன்னும் இறுகி மாட்டிக்கொள்ளும். இதெல்லாம் எனக்குப் பிறகு சொல்லப்பட்டது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: என் வாய், என் பேச்சைக் கேட்கவில்லை.

பக்கத்தில் இருந்தவர்கள் கவனித்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? எல்லோரும் எழுந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். பாடுகிற கூட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிற ஒருத்தியை யார் பார்ப்பது? பாட்டு முடிந்தால் செபம், செபம் முடிந்தால் அடுத்த பாட்டு. கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு நின்றேன். சுவர் பக்கத்து மூலையில் இருந்தபடியால், இந்தப் பக்கம் வாங்குப் பலகை முழுக்க இருக்கிற ஆட்களைத் தாண்டாமல் வெளியே வர முடியாது. அப்பத்துக்காக எல்லோரும் வரிசையில் போகிற, நன்மை வாங்குகிற நேரம் வந்ததும், அப்பாடா என்று அவர்களோடு வெளியே வந்தேன். அப்படியே ஓரமாக நழுவலாம் என்று பார்த்தால், பின்னால் நின்ற அம்மா ஒருவர், நான் ஏதோ பக்தியில் தயங்குகிறேன் என்று எண்ணி, முதுகில் கை வைத்து மெதுவாக வரிசைக்குள் தள்ளிவிட்டார். வரிசை என்னைக் கொண்டுபோய் ஃபாதருக்கு முன்னால் விட்டது. கைக்குட்டையை எடுத்து, விரலால் வாயைக் காட்டினேன், வாய் மூடவில்லை என்று சொல்வதற்கு. அவர், கையில் வாங்காமல் நாவில் வாங்க ஆசைப்படுகிறேன் என்று விளங்கிக்கொண்டார். “கிறிஸ்துவின் சரீரம்” என்று சொல்லி நாக்கில் வைத்துவிட்டார்.

வாயை மூடாமல் ஒன்றை விழுங்கிப் பாருங்கள். எச்சில் இறங்காது. அப்பம் நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, எச்சில் வெளியே வடியப் பார்க்கிறது, அதோடு சேர்ந்து அப்பமும் கீழே விழுந்தால் அந்தப் பாவத்தை எந்த வாயால் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வது? தலையை அண்ணாந்துகொண்டு, முகட்டைப் பார்த்தபடியே நடந்தேன். எல்லோரும் வழிவிட்டார்கள். அன்று அந்தக் கோயிலில் என்னைவிடப் பக்தியுள்ளவள் யாரும் இருந்திருக்க மாட்டாள்.

கணவர் என்னைக் கண்டதும் பத்திரிகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“என்னப்பா? என்ன நடந்தது?”

“ஆ… ஆ…”

“வாயை மூடும்.”

அதுதான் முடியவில்லை என்று கண்ணால் சொன்னேன். அவர் என் நாடியைத் தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். “ஐயோ, நாடி விழுந்திட்டுது” என்று சொல்லி ஓட்டோ ஒன்றை மறித்தார். அவருடைய ஊரில் முகவாய்க்கட்டைக்குப் பெயர் நாடி. தாடை கழன்றுகொண்டால் நாடி விழுந்திட்டுது என்பார்கள்.

கண்டிக்கு இறங்குகிற வழி முழுக்கக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு வந்தேன். வளைவுக்கு வளைவு காது வலித்தது. வாவிக் கரையில் வாகனங்கள் நின்றுவிட்டன. பக்கத்தில் நின்ற வான் வண்டியில் இருந்த ஒரு குடும்பம் என்னை எட்டிப் பார்த்தது. எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது அங்கேதான். வலி பெரிதில்லை. ஆனால் என் உடம்புக்குள்ளேயே யாரோ என்னை வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியோடு போய்விட்ட மாதிரி இருந்தது. கத்த முடியாது, அழுதால் எச்சில் வடியும், ‘தண்ணீர்’ என்று கேட்க முடியாது, கேட்டாலும் குடிக்க முடியாது. இத்தனை வருடம் பேசியே எல்லாவற்றையும் வென்று வந்தவள், ஓட்டோவின் பின் ஆசனத்தில் ஒரு வெறும் குகை வாயோடு உட்கார்ந்திருந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டொக்டர். சிங்களத்தில் மெதுவாக விளக்கினார். தன் ஒரு கை முஷ்டியை மற்றக் கைக் குழியில் வைத்து, முன்னால் நழுவவிட்டு, இப்படித்தான் என்று காட்டினார். பிறகு பெருவிரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டு, என் கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேல் வைத்து, கீழேயும் பின்னாலும் அமுக்கினார். முதல் தடவை நடக்கவில்லை. இரண்டாம் தடவையும் நடக்கவில்லை. தசையைத் தளர விடுங்கள் என்றார். தளர விடுவது எப்படி என்று எனக்கு யாரும் படிப்பித்ததில்லை. கடைசியில் ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு மருந்தெடுக்கப் போனார்.

அந்த இடைவெளியில்தான் நினைவு வந்தது, அப்பா போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் போனில் தட்டிக் காட்டினேன்: ‘இன்னிக்கு ஞாயிறு. அப்பா காத்துக்கிட்டிருப்பார். சொல்லிருங்க.’

கணவர் அதுவரை அப்பாவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு என் போனிலேயே எடுத்தார். “மாமா, நான் மருமோன் கதைக்கிறன். அவவால இண்டைக்குக் கதைக்க ஏலாது. கோயில்ல வச்சு நாடி விழுந்திட்டுது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறம். பயப்பிட ஒண்டும்…” என்று சொல்லிப் போனைப் பார்த்தார். “வச்சிட்டார்.”

எப்போதும் வைக்கிறதுதானே என்று விட்டுவிட்டோம். எங்கள் பக்கத்தில் நாடி என்றால் வைத்தியர் மணிக்கட்டில் பிடித்துப் பார்க்கிறது. அது விழுந்தால் ஆள் முடிந்தது. இதைப் பிறந்ததிலிருந்து தெரிந்தவள் நான், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு உறைக்கவேயில்லை. கலியாணம் செய்ததிலிருந்து அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு, என் காதிலும் நாடி முகவாய்க்கு வந்துவிட்டிருந்தது.

ஊசி ஏறியது. உடம்பு பஞ்சாகிப் போன ஒரு நேரத்தில் டொக்டரின் பெருவிரல்கள் திரும்பவும் வாய்க்குள் வந்தன. காதுக்குள் ஒரு ‘களுக்’. பற்கள் பற்களைத் தொட்டன. அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது? வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்த மாதிரி. பிறகு ஓர் அகலமான வெள்ளைத் துணியை நாடிக்குக் கீழே கொடுத்து, இரண்டு கன்னத்தின் வழியாக ஏற்றி, உச்சந்தலையில் கட்டினார். பேச வேண்டாம், சிரிக்க வேண்டாம், கொட்டாவி வந்தால் நாடியைக் கையால் முட்டுக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். இன்னொரு தடவை கழன்றால், மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, வாரக்கணக்கில் பூட்டித்தான் வைக்க வேண்டி வரும் என்றார். மயக்கம் தெளியும்வரை கட்டிலில் கிடக்கச் சொன்னார்.

கணவர் என் கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்தார். “உங்கட ஆக்களுக்கு இது கையில இருந்தா ஆறுதல்தானே” என்று சொல்லி, நான் தூங்கினால் நழுவிவிடக் கூடாது என்று இரண்டு கையையும் நெஞ்சின் மேல் சேர்த்து வைத்து, விரல்களைச் சுற்றி அழகாகக் கட்டிவிட்டார். பல்லிடுக்கால் குடிக்கிற மாதிரி ஏதாவது வாங்கி வருகிறேன் என்று போனார். நான் கண்ணை மூடினேன்.

ஆட்கள் நோயாளிகளைப் பார்க்க வருகிற மத்தியான நேரமாக இருக்க வேண்டும், சுற்றிலும் காலடிச் சத்தம். ஒரு சோடிக் கால்கள் என் கட்டிலருகே வந்து நின்றன. கோடாலித் தைல வாசம். எனக்கு அந்த வாசத்தைத் தெரியும். கண்ணைத் திறப்பதற்கு முன்னால் ஒரு குரல் கேட்டது.

“வாயக் கட்டிட்டாங்களே.”

அப்பா. எனக்கு விளங்கிய வேகத்தில் மயக்கம் பாதி தெளிந்தது. வாய் பிளந்துவிடாமல் தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டுவதும், விரல்களில் செபமாலையைச் சுற்றுவதும் எங்களில் யாருக்குச் செய்வது? அம்மாவுக்கு அப்பாதான் தன் கையால் கட்டினார். என் யாழ்ப்பாணத்துச் சைவக் கணவர், அன்பு மேலிட்டு, என்னைப் பெட்டிக்கு ஆயத்தமான பிணமாகவே கிடத்திவிட்டுச் சூப் வாங்கப் போயிருந்தார்.

கண்ணைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இத்தனை காலம் “ம்” மட்டும் சொன்ன மனிதர் பேசுகிறார். கண்ணைத் திறந்தால் நிறுத்திவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். சாக வேண்டியிருந்தது அவர் பேசுவதற்கு, சரி, செத்தே கிடப்போம் என்று மூச்சை அடக்கிக்கொண்டேன்.

“பேசுனா, வீட்டுக்கு வான்னு சொல்லிப்புடுவேன்னுதான் புள்ள பேசல” என்றார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், மெத்தை சரிந்தது. “பேச ஒனக்குத்தான் எல்லாம் இருந்துச்சே. நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்.”

சுரசுரப்பான விரல் ஒன்று துணியின் மேலால் என் முகவாயைத் தொட்டது. அழுதால் நெஞ்சு குலுங்கும். பல்லைக் கடித்துக் கிடந்தேன். பல்லைக் கடிக்க முடிந்ததே, அதற்கே நன்றி.

பிறகு அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, வேறு குரலில், கணக்குப் பார்க்கிற கிளாக்கரின் குரலில் சொன்னார்: “பெட்டிய நம்ம வீட்டுக்குத்தான் கொண்டு போவேன். அவங்ககிட்ட விட மாட்டேன். நம்ம சாலையில வச்சுத்தான் எடுக்கணும். யாரு என்ன சொன்னாலும் சரி.”

எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதும்போதுகூட உணர முடிகிறது. அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. உயிரோடு போக முடியாத அந்த வீட்டுச் சாலையில், அந்த முன்கூடத்தில், பிணமாகப் போய்ப் படுக்க இடம் இருக்கிறதாம். கண்ணைத் திறந்தேன். செபமாலையோடு சேர்ந்த கைகளாலேயே அந்தத் துணியைப் பிடித்துக் கழுத்துக்கு இழுத்துவிட்டேன்.

அப்பா எழுந்து பின்னால் போனார், பின்னாலிருந்த கதிரையில் இடித்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார், சாவு வீட்டுக்கென்று வைத்திருக்கிற சட்டை. அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை நான் பார்த்தேன், யாரும் அதை எனக்கு இல்லையென்று சொல்ல முடியாது. அவர் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தபோது அது போய்விட்டிருந்தது. பார்க்கக் கூடாததை நான் பார்த்துவிட்ட மாதிரி முறைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கணவர் கையில் சூப்போடு வந்து சேர்ந்தார். “மாமா, வந்திட்டீங்களே. இருங்கோ, இருங்கோ.”

“நாடி விழுந்துருச்சுன்னு சொன்னது நீங்கதானே தம்பி?”

“ஓம் மாமா.” கணவர் தன் முகவாயைத் தொட்டுக் காட்டினார். “இது. இப்ப ஏத்திப்போட்டினம்.”

அப்பா அவருடைய முகவாயையே கொஞ்ச நேரம் பார்த்தார். வேறொரு நாளாக இருந்தால் அவரே முதலில் சிரித்திருப்பார். எனக்குச் சிரிக்க அனுமதியில்லை. அப்பா என் பக்கம் குனிந்து, என் விரல்களிலிருந்து செபமாலையை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். “உசுரோட இருக்கிறவங்களுக்கு இப்புடிச் சுத்தக் கூடாது” என்று கணவரிடம் சொல்லி, அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். என் கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

கை விடுபட்டதும் நான் போனை எடுத்துத் தட்டினேன். அவரிடம் நீட்டினேன். சட்டைப் பையைத் தடவினார், கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். வேறு வழியில்லாமல் போனைக் கணவரிடம் கொடுத்தார். “என்ன எழுதியிருக்கா, வாசிங்க.”

கணவர் வாசித்தார், ஒன்றும் விளங்காமல், வங்கியில் வாடிக்கையாளருக்கு வாசித்துக் காட்டுகிற அதே குரலில்: “அப்பா, நான் வீட்டுக்குப் பெட்டியிலதான் வரணுமா?”

நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன் என்பது அப்பாவுக்கு அப்போது தெரிந்தது. அதையும் அந்த மருமகன் வாயால் கேட்க வேண்டி வந்தது. காது சிவந்தது. அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, திரும்பி நடந்தார்.

“சொல்லாமப் போறாரே” என்றார் கணவர் தாழ்ந்த குரலில்.

சாவு வீட்டிலிருந்துதான் சொல்லாமல் போவார்கள். மற்ற எங்கேயிருந்து கிளம்பினாலும் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லாமல் அப்பா கிளம்பியதில்லை, கடைக்காரரிடம்கூடச் சொல்வார். சாவுக்கென்று வந்தார், அழுதார், சொல்லாமல் போகிறார். அவருடைய கணக்கில் நான் முடிந்துவிட்டேன். கதவருகே போய்விட்டார். கணவரைப் போகச் சொல்லிக் கை காட்டியிருக்கலாம். எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை.

“அப்பா” என்று கூப்பிட்டேன்.

அந்தச் சொல்லை வாயைத் திறக்காமல் சொல்ல முடியாது. ‘அ’வுக்கு ஒரு திறப்பு, ‘பா’வுக்கு அதைவிடப் பெரிய திறப்பு. பத்து வரிசை கொண்ட வகுப்பின் கடைசி வாங்கு வரைக்கும் கத்திப் பழகிய தொண்டை. கழுத்தில் கிடந்த துணி என்னத்தைத் தாங்கும்? இரண்டு காதுக்கும் முன்னால் ‘டக்’ என்றது. ‘ப்பா’ என்று போன வாய் அப்படியே நின்றுவிட்டது. சத்தம் மட்டும் நிற்கவில்லை, ‘ஆ’ என்று நீண்டுகொண்டே போனது.

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்பாவும் திரும்பிப் பார்த்தார்.

டொக்டர் ஓடி வந்தார். கழுத்தில் கிடந்த துணியைக் கண்டதும் அவருக்கு எரிச்சல் வந்தது, நியாயம்தான். ஊசிக்குப் பிறகு தசை இன்னும் இளகித்தான் இருக்கிறது, இறுகுவதற்கு முன்னால் இப்போதே ஏற்றிவிட வேண்டும், தலையை யாராவது பின்னாலிருந்து அசையாமல் பிடிக்க வேண்டும் என்றார். கணவர் ஒரு கையில் சூப்போடும் ஒரு கையில் போனோடும் தடுமாறினார். அதற்குள் அப்பா கட்டிலின் தலைமாட்டுக்கு வந்துவிட்டார். என் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். டொக்டர் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

“கவுத மே?” யார் இவர் என்று கேட்டார். வெளியாட்கள் நிற்கக் கூடாது.

அப்பாவின் வயிறு என் பின்னந்தலையில் ஒரு தடவை ஏறி இறங்கியது.

“மம மெயாகெ தாத்தா” என்றார்.

சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. நான் இவளுடைய அப்பா. தமிழில் ஊர் முழுக்க இல்லையென்று சொல்லி வைத்த ஒன்றை, தனக்குச் சொந்தமில்லாத பாஷையில், கேட்ட உடனேயே சொல்லிவிட்டார். டொக்டருக்கு அது ஒரு சாதாரணப் பதில். சரி, நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, பெருவிரல்களை என் வாய்க்குள் வைத்தார். அழ வேண்டும், அவர் கையைப் பிடிக்க வேண்டும், இன்னொரு தடவை சொல்லுங்கள், தமிழில் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். அசையக் கூடாது என்றார் டொக்டர். நான் அசையவில்லை. அப்பா என் தலையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.